திரும்ப மாட்டும்போது

ஆயுத பூஜைக்கு முந்தின சில நாட்களில், திருநெல்வேலியைச் சுற்றி நாகர்கோவில் சாலையிலும் தென்காசிச் சாலையிலும் உள்ள வாட்டர் சர்வீஸ் கடைகளின் முன்னே கார்களும் வேன்களும் வரிசை கட்டி நிற்பது நம்மவர்களுக்குப் பழகிப்போன காட்சி. ஆண்டு முழுவதும் உழைத்த வாகனத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சாத்துவதற்கு முன்னால் அதன் அழுக்கைப் போக்கிவிட வேண்டும் என்ற சிரத்தை குற்றமற்றது. ஆனால் அந்தச் சிரத்தை மிதமிஞ்சிப் போய், பானெட்டைத் தூக்கி எஞ்சினின் தலைமீதே அழுத்தமான நீரைப் பாய்ச்சும் அளவுக்கு வளர்ந்துவிடும்போது, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறி இறங்கிய கையோடு வண்டி விக்கவும் குலுங்கவும் தொடங்குகிறது. உரிமையாளர் பெட்ரோல் பங்க்கைச் சந்தேகிக்கிறார். வீட்டுப் பெரியவர்கள் கண்திருஷ்டியைச் சந்தேகிக்கிறார்கள். மெக்கானிக் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "மிஸ்ஸிங் இருக்கு அண்ணாச்சி, ஒரு பிளக் அடிக்கல" என்கிறார். ஸ்பார்க் பிளக்கின்மேல் உள்ள ரப்பர்க் கேப்பைக் கழற்றி, குழியில் தேங்கிய நீரைக் காற்றடித்து வெளியேற்றி, துணியால் துடைத்து, மறுபடியும் மாட்டுகிறார். வண்டி சீராக ஓடுகிறது. ஐப்பசி பிறந்து முதல் அடைமழை பெய்யும் வரையில் ஓடுகிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் விஷயம் முழுவதும் அந்த 'மறுபடியும் மாட்டுகிறார்' என்ற ஒரு செய்கைக்குள் அடங்கியது. கழற்றுவதில் நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு நிகரானவர்களைக் காண்பது அரிது. நோயைக் கண்டுபிடிப்பதிலும் அவர்கள் சூரர்கள்தாம். திரும்ப மாட்டும்போது மட்டும், கேப்பின் உட்புற ரப்பரில் மெல்லியதாகப் பூசவேண்டிய சிலிக்கான் கிரீஸ் என்ற ஒரு சிறு பொருள் நம் பட்டறைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பூசுகிறவர்களிலும் சிலர் பூசக்கூடாத இடத்தில் பூசுகிறார்கள். டப்பாவின்மேல் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் என்று அச்சிட்டு விற்கப்படும் இந்தப் பொருளை, தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் ஓடும் ஒவ்வொரு பெட்ரோல் வாகனத்துக்கும் பிளக் கழற்றும்போதெல்லாம் உபயோகிப்பது கட்டாயமான வழக்கமாக வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

காரணத்தைச் சொல்வதற்கு முன்னால் அந்த இடத்தில் நடப்பது என்ன என்று பார்க்க வேண்டும். பாட்டரி தருவது பன்னிரண்டே வோல்ட்; அது இக்னிஷன் காயிலுக்குள் புகுந்து இருபதாயிரம், சில வேளைகளில் நாற்பதாயிரம் வோல்ட் வரையில் உயர்ந்து, பிளக்கின் நுனியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே உள்ள இடைவெளியைத் தாண்டிப் பொறியாகக் குதித்தால்தான் உள்ளே அழுத்தப்பட்டிருக்கும் பெட்ரோல் ஆவி தீப்பற்றுகிறது. நம்மில் பலருக்கு முதல் காராக வாய்த்த மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, விநாடி ஒன்றுக்கு 75 பொறிகள் அதற்கு வேண்டும். அவற்றுள் சில தவறினாலும் காலடியில் குலுக்கம் தெரிந்துவிடும். வெளியே உள்ள சாதாரணமான உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் தூரத்தைத் தாண்ட 3,000 வோல்ட் போதும்; சிலிண்டருக்குள் அழுந்திக் கிடக்கும் காற்றிலோ அதைப்போலப் பல மடங்கு தேவைப்படுகிறது. ஆகவே மின்சாரத்துக்கு எப்போதும் ஒரு சபலம் இருந்துகொண்டே இருக்கிறது: உள்ளே போய்ச் சிரமப்பட்டுக் குதிப்பதைவிட, வெளிப்புறத்திலேயே பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மீது ஊர்ந்து இறங்கி எஞ்சினின் உலோகத்தைத் தொட்டுவிடுவது அதற்குச் சுலபம்.

தாமிரபரணியிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ நீர் கடைமடை வரையில் போய்ச் சேருவது நீரின் நல்ல குணத்தால் அன்று, கரையின் உறுதியால்தான் என்பது ஆற்றுப்பாசன விவசாயிக்குத் தெரியும். கரையில் ஒரு நண்டு வளை கிடைத்துவிட்டால் நீர் அதன் வழியே கசிந்து, கசிந்த வழியையே அரித்துப் பெரிதாக்கி, ஒருநாள் உடைப்பாக்கிவிடும். பிளக்கின் பீங்கானும் அதைக் கவ்வியிருக்கும் ரப்பர்க் கேப்பும் மின்சாரத்துக்கு அமைந்த கரைகள். அவ்விரண்டுக்கும் இடையே ஈரமும் தூசும் சேர்ந்த மெல்லிய படலம் ஒன்று படிந்துவிட்டால் அதன் வழியே மின்சாரம் ஊர்கிறது. ஊர்ந்த தடத்தில் கரிக்கோடு விழுகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருளாகையால், ஈரம் உலர்ந்த பிறகும் அந்தக் கோட்டின் வழியே கசிவு நிற்பதில்லை. வாட்டர் சர்வீஸுக்குப் பிறகு இரண்டு நாள் விக்கிவிட்டுத் தானாகச் சரியான வண்டி, பிற்பாடு வெயில் காலத்திலும் விக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சிலிக்கான் கிரீஸ் செய்யும் வேலை, அந்த இடுக்கில் ஈரமும் தூசும் குடியேறுவதற்கு முன்பே தான் போய்க் குடியேறிவிடுவதுதான். அது மின்சாரத்தைக் கடத்தாது, நீரோடு கலக்காது, இருநூறு டிகிரி வரையில் உருகி வழியாது. இதோடு இன்னொரு நன்மையும் உண்டு. எஞ்சினின் உஷ்ணத்தில் ரப்பர் நாளடைவில் பீங்கானோடு ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை கழற்றும்போது பாதி கையோடு வர, பாதி குழிக்குள்ளேயே நின்றுவிடும் அவஸ்தையைப் பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் அறிவர். பூச்சு இருந்தால் கேப் லேசாகத் திருகியவுடன் முழுதாகக் கழன்று வருகிறது; கேப்போடு காயிலும் சேர்ந்திருக்கும் புது வண்டிகளில் ஒரு புதுக் காயிலின் விலை மிச்சமாகிறது.

இந்தப் பொருளின் பூர்வோத்தரம் ரசமானது. சிலிக்கான் சேர்மங்களைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த நாட்டிங்ஹாம் பேராசிரியர் ஃபிரெடரிக் கிப்பிங், தம் வாழ்நாள் உழைப்பைத் தொகுத்துரைக்கும்போது, இந்தத் துறையில் விரைவில் முக்கியமான முன்னேற்றம் எதுவும் வருமென்ற நம்பிக்கை தமக்கு அதிகமில்லை என்று 1937-இல் எழுதினார். ஆறே ஆண்டுகளில், 1943-இல், அந்தச் சேர்மங்களைத் தயாரிப்பதற்கென்றே அமெரிக்காவில் டவ் கார்னிங் என்ற கம்பெனி தோன்றிவிட்டது. அதன் முதல் சரக்குகளில் ஒன்று, போர் விமானங்களின் இக்னிஷன் அமைப்பை ஈரம் புகாமல் அடைப்பதற்கான இந்தப் பசைதான். உயரப் பறக்கும்போது காற்று மெலிகிறது. மெலிந்த காற்றுக்கு மின்சாரத்தைத் தடுக்கும் சக்தி குறைவு. அங்கே ஒயரிலிருந்தும் கேப்பிலிருந்தும் மின்சாரம் சிதறி எஞ்சின் தடுமாறினால், விமானிக்கு ஓரமாக நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைக்கும் வசதி கிடையாது. ஆகாயத்தில் உயிர் காத்த பொருளை நாம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு விக்கலை நிறுத்துவதற்குக் கேட்கிறோம். பெரிய ஆசை என்று யாரும் சொல்ல முடியாது.

நம் பள்ளத்தாக்கின் தட்பவெப்பத்தைச் சற்று நினைத்துப்பார்த்தால் இங்கே இதன் அவசியம் மற்ற இடங்களைவிட ஒரு படி கூடுதல் என்பது விளங்கும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடல் சேரும் வரையில் தாமிரபரணி ஓடும் தூரம் சுமார் 125 கிலோமீட்டர். அந்தக் குறுகிய தூரத்துக்குள் மலையும் கடலும் இரண்டும் உள. ஆனி ஆடியில் மேற்கே சாரல் விழும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். இடைப்பட்ட மாதங்களில் வெயிலும் தூசும் காற்றும் மாறிமாறி ஆட்சி செய்யும். காலையில் பாபநாசத்தில் நனைந்த கார் மாலையில் திருச்செந்தூரில் உப்புக்காற்றில் நிற்பது இங்கே சகஜம். உப்புத்தூசு உலர்ந்திருக்கும் வரையில் சாதுவானது, யாருக்கும் தொந்தரவு செய்யாது. மார்கழிப் பனி அதன்மேல் இறங்கியதும் அது மின்சாரத்துக்கு ராஜபாட்டையாகிவிடும். காலை ஆறு மணிக்குக் கிளம்ப மறுத்து, ஒன்பது மணிக்கு ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும் கடலோரத்து வண்டிகளின் ரகசியத்தில் பாதி இதுவே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையை இங்கே சிலர் நினைவுகூரலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் பிரயாணிகளோடு சிக்கி நின்றது. திருநெல்வேலி ஜங்ஷன் பகுதி நீரில் மிதந்தது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் மூழ்கிய காரை எந்தக் கிரீஸும் காப்பாற்றியிராது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நீர் புகுந்த எஞ்சினை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடே வளைந்துபோகும். அதன் முன்னே பிளக் கேப்பின் கவலை அற்பமானது. நான் பேசுவது மூழ்கிய காரைப்பற்றி அன்று, நனைந்த காரைப்பற்றி. மூழ்குவது எப்போதோ நேர்வது, நனைவது ஆண்டுதோறும் நேர்வது.

இனி, இதற்கு வரும் பிரதான ஆட்சேபத்துக்கு வருவோம். "மின்சாரம் போகவேண்டிய இடத்தில் மின்சாரத்தைத் தடுக்கும் பொருளைப் பூசுவது எப்படி நியாயம்?" என்று அனுபவசாலியான மெக்கானிக்குகளே கேட்கிறார்கள். நல்ல கேள்வி, யோசிக்கிறவர்கள் கேட்கும் கேள்வி. விடை, பூசும் இடத்தில் இருக்கிறது. உலோகமும் உலோகமும் சந்திக்கும் முனையில் இதற்கு வேலையே இல்லை. ரப்பரும் பீங்கானும் சந்திக்கும் இடத்தில்தான் வேலை. கேப்பின் வாயிலிருந்து உட்புறமாகச் சிறிது தூரம், ரப்பரின்மீது மட்டும், ஒரு மெல்லிய படலம் போதுமானது. மாட்டும்போது அதில் கொஞ்சம் தவறி முனையைத் தொட்டுவிட்டாலும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அல்லது கிளிப்பு முனையை அழுத்திப் பிடிக்கையில் கிரீஸ் பக்கங்களுக்கு ஒதுங்கி, உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடுகிறது. ஆயினும் அதை நம்பிக்கொண்டு கேப்பு நிறைய அடைத்துவிடுவது மடமை. அடைபட்ட காற்றும் பசையும் மெல்ல மெல்ல கேப்பை மேலே தள்ளி, முனையை விட்டு நழுவச் செய்துவிடும். பிறகு கிரீஸின்மேல் பழி விழும். தடுக்கும் பொருள் ஆகாது என்று ஒதுக்குகிறவர்களும், நல்ல பொருள்தானே என்று அள்ளி அப்புகிறவர்களும் செய்யும் பிழை ஒன்றே. அது எதைத் தடுக்கிறது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கைக்குக் கிடைத்த எந்தக் கிரீஸும் இதற்கு ஆகும் என்ற எண்ணம் இதைவிட அபாயமானது. சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரணக் கிரீஸ் பெட்ரோலிய எண்ணெயில் செய்தது. அது பலவகை ரப்பரை ஊறவைத்துப் பொதபொதவென்று ஆக்கிவிடும். கிராஃபைட் கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தும். அதைக் கேப்புக்குள் பூசுவது கசிவுக்கு நாமே வாய்க்கால் வெட்டிக்கொடுப்பதாகும். பாட்டரியின் முனை பூத்துப்போகாமல் வாஸ்லின் தடவும் பழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு, அந்த இடத்துக்கு அது தகும்; ஆனால் வாஸ்லின் நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலிலேயே இளகிவிடும் பண்டம், எஞ்சினின் தலைமீது அது தங்குமா?

சரியான கிரீஸுக்கும் போகக்கூடாத இடங்கள் சில உண்டு. பழைய வண்டிகளில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் காண்டாக்ட் பாயிண்டுக்கு அருகில் சிலிக்கான் செல்லலாகாது. பொறி பறக்கும் இடத்தில் அதன் ஆவி நுண்ணிய மணலாக மாறிப் பாயிண்டின் முகத்தையே மூடிவிடும். பிளக்கின் மரையிலும் அது வேண்டாம். வழுக்கும் மரையில் முறுக்கு மிகையாகிவிடும். புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாருக்குச் சிலிக்கான் விஷம். டிங்கரிங், பெயின்டிங், டியூனிங் என்று மூன்றும் ஒரே கூரையின்கீழ் நடக்கும் நம் பட்டறைகளில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை: சிலிக்கான் பட்ட கையால் பெயின்ட் அடிக்கப்போகும் கதவைத் தொட்டால், பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் குழிகுழியாக விலகி நிற்கும். பெயின்டர் தின்னரைத் திட்டிக்கொண்டிருப்பார். குற்றவாளி அடுத்த வண்டியின் பிளக்கில் இருப்பார்.

மோட்டார் தொழில் இந்தச் சீமைக்கு அந்நியமானதன்று. நம்பிமலை அடிவாரத்துத் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார்தான் மதுரையில் பேருந்துத் தொழிலை வேரூன்றச் செய்தவர். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது கரிவாயுவில் வண்டியோட்டும் சாதனத்தைத் தயாரித்து வழங்கியவர்கள் அவருடைய கம்பெனியார். சென்னைப் பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலையிலிருந்து வந்த காயில்களும் டிஸ்ட்ரிபியூட்டர்களும் இந்நாட்டுக் கார்களில் பல்லாண்டு பொறி தந்தன. 1980-இல் வந்த டிவிஎஸ் 50 மொபெட்டை மழையில் தள்ளிக்கொண்டு போய், ஒரு கடையின் தாழ்வாரத்தில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து ஊதிய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அம்பாஸடர் டாக்ஸி ஓட்டியவர்கள் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைக்க ஒரு உலர்ந்த துணியைத் தனியே வைத்திருப்பார்கள். அந்தக் காலத்து யந்திரம் தன் பலவீனத்தை வெளிப்படையாகக் காட்டியது. ஓட்டுநரும் அதை அறிந்து நடந்துகொண்டார். இக்காலத்துக் கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் ஏறி அமர்ந்து, ஆழமான குழிக்குள் நீண்ட ரப்பர்க் குழலாக இறங்கிவிட்டது. மேலே பிளாஸ்டிக் மூடி வேறு. நீர் உள்ளே போனால் வெளியே தெரியாது, எளிதில் உலராது. புது வண்டிகளுக்கு இந்த உபத்திரவம் இல்லை என்பவர்கள், உபத்திரவம் கண்ணுக்கு மறைந்ததை அது ஒழிந்ததாக எண்ணுகிறார்கள்.

விக்கலோடு ஓட்டிச் சமாளித்துக்கொள்ளலாம் என்பதும் இப்போது முடியாத காரியம். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், அங்கே புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, அதைப் பழுக்கக் காய்ச்சி நாசமாக்குகிறது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் ஆறு விதிகள் அமலுக்கு வந்த பிறகு வந்த கார்களில் அந்தக் கன்வெர்ட்டரை மாற்றும் செலவு எவ்வளவு என்று பட்டறையில் விசாரித்தவர்கள், மிளகளவு கிரீஸுக்குக் கணக்குப் பார்க்கமாட்டார்கள்.

கணக்குப் பார்ப்பது யார் என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். பட்டறைக்காரர் இதை வாங்கி வைக்காததற்கு, பில்லில் எழுதினால் வாடிக்கையாளர் அடித்துவிடச் சொல்கிறார் என்று காரணம் கூறுகிறார். வாடிக்கையாளரோ, புதுப் பாகம் எதுவும் மாட்டாமல் 'கிரீஸ்' என்று ஒரு வரி எழுதினால் தன்னை ஏமாற்றுவதாக நினைக்கிறார். கண்ணுக்குத் தெரியும் பிளக்குக்குப் பணம் கொடுக்கிறோம். அதைத் திரும்ப மாட்டுகையில் காட்டும் நிதானத்துக்குப் பணம் கொடுக்க மனம் வருவதில்லை. கம்பெனி சர்வீஸ் நிலையங்களில் குளிரூட்டிய அறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுக்கிறார்கள் என்பதற்காக அங்கே எல்லாம் முறைப்படி நடக்கிறது என்றும் நினைத்துவிட வேண்டாம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருக்கும் பையனுக்கும் மணிக்கு இத்தனை வண்டி என்ற நெருக்கடி இருக்கிறது.

தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டதைக் காட்டி, பிளக்கே இல்லாத காலம் வரப்போகிறதே, இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இன்று சாலையில் ஓடும் பெட்ரோல் வண்டிகள் நாளைக்கே மறையப்போவதில்லை; தவிர, மின்சார வாகனத்திலும் விளக்கு, சென்சார், ஒயர் இணைப்பு என்று ஈரம் நுழையக்கூடிய இடுக்குகள் ஏராளம். அவற்றில் எதற்கு எந்தப் பூச்சு என்று தயாரிப்பாளர் சொன்னபடி நடக்கவேண்டுமே தவிர, உயர் மின்னழுத்த இணைப்புகளில் பயிற்சியில்லாதவர் கைவைக்கவே கூடாது.

பேட்டை அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் இந்தத் தொழிலைக் கற்கும் மாணவர்களுக்கு, பிளக்கைக் கழற்றி இடைவெளி அளக்கும் பயிற்சியோடு, திரும்ப மாட்டும் பயிற்சியையும் தனிப் பாடமாக வைக்கலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் கேப்பைத் திருகிக் கழற்ற வேண்டும். பிளக்கை எடுக்குமுன் குழியின் தூசைக் காற்றடித்துப் போக்க வேண்டும். பீங்கானை உலர்ந்த துணியால் துடைத்தபின் விரல் படக்கூடாது. பூச்சு ரப்பரில் மட்டும். கிளிப்பு முனையில் விழும் சத்தம் கேட்கும் வரையில் அழுத்த வேண்டும். பரீட்சையில் ஒரு கேப்பையும் ஒரு டப்பாவையும் கொடுத்து, எங்கே பூசுவாய் என்று கேட்பதோடு எங்கே பூசமாட்டாய், ஏன் என்றும் கேட்கவேண்டும். ஆசானிடம் பார்த்துக் கற்ற பட்டறைப் பையன்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து இதைக் காட்டுவதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு முன் அது நடந்துவிட்டால், வாட்டர் சர்வீஸ்காரர்களிடம் பானெட்டைத் திறக்காமல் வண்டியைக் கழுவும்படி நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான் பாக்கியிருக்கும்.